இத்துப்போன சட்டம்

பெண்கள் கூடிப் பேசுகிற இடங்களில் சமையலறையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அம்மி, ஆட்டுக்கல், காஸ் அடுப்பு, கழுவித் தீராத பாத்திரம் எல்லாம் வந்து போய்விட்டன. சமையலறையின் ஜன்னல் மட்டும் கவிதையில்தான் வரும். அதன் வழியே ஒரு துண்டு வானம் தெரியும், ஒரு பறவை கடக்கும், அவள் பெருமூச்சு விடுவாள். நான் சொல்ல வந்த ஜன்னல் வேறு. மழைத்தண்ணீர் இறங்கி, பெயின்ட் கொப்பளித்து, விரலால் அழுத்தினால் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே போகிற மரச்சட்டம்.

வீட்டில் ஒரு மரம் இத்துக்கொண்டிருக்கிறது என்பது முதலில் யாருக்குத் தெரியும்? அதைத் துடைக்கிறவளுக்கு. தூறல் விழுந்ததும் ஓடிப்போய்ச் சாத்துகிறவளுக்கு. ஓட்டையில் இறங்காத தாழ்ப்பாளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவளுக்கு. அதைச் சரிசெய்ய வேண்டுமா, எப்போது, எவ்வளவு செலவில், யாரைக் கூப்பிட்டு என்று முடிவு செய்கிறவர் யார்? பெரும்பாலான வீடுகளில் அந்த ஜன்னலைச் சாத்தியே பழக்கமில்லாதவர். இதை நாம் ‘வேலைப் பிரிவினை’ என்று நாகரிகமாகச் சொல்லிக்கொள்கிறோம்.

மயிலாடுதுறையில் என் அப்பா 1978இல் கட்டிய வீடு. சமையல்கட்டு வடக்குப் பார்த்தது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு வரும் சாரல் நேரே அந்த ஜன்னலில்தான் அடிக்கும். மேலே சன்ஷேடு குட்டை. அம்மா நான்கு மழைக்காலமாக ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஐப்பசியில ஜன்னல் பிடிக்கிறது வழக்கம்தான். தை பொறந்தா விட்டுரும். இப்ப பங்குனியிலயும் பிடிக்குது. கதவு தொங்குது.”

இந்த நான்கு வாக்கியத்தையும் நிதானமாகப் படியுங்கள். மரம் ஈரம் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும்; அது பழுதில்லை. காய்ந்த பிறகும் பிடித்தால் ஊதல் காரணமில்லை, வேறு ஏதோ நடந்திருக்கிறது. அந்த வேறு ஏதோவும் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. குறுக்குச்சட்டமும் நெடுக்குச்சட்டமும் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும் கீழ் மூட்டு உள்ளே மக்கிவிட்டது, அதனால் கதவு தன் எடையைத் தாங்காமல் சரிந்து கீழ்க்கட்டையில் உரசுகிறது. ஒரு பொறியாளர் இதைச் சொல்லியிருந்தால் அதற்கு ஆய்வறிக்கை என்று பெயர். அம்மா சொன்னதால் நச்சரிப்பு. “அம்மாவுக்கு எப்பவும் ஏதாவது ஒரு குறை இருக்கணும்” என்று அண்ணன் பெங்களூரிலிருந்து போனில் சிரிப்பார். அப்பா இருந்தவரை “பாக்கலாம், பாக்கலாம்” என்றார். அந்த இடைவெளியில் அம்மா செய்ததெல்லாம் பழைய வேட்டியைக் கிழித்து ஜன்னல் விளிம்பில் அடைத்தது, மழை நின்றதும் பிழிந்து காயப்போட்டது. நான்கு வருடம்.

மரம் ஏன் இத்துப்போகிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. நம் வீடுகளில் மரத்துக்கு என்ன வந்தாலும் ‘கரையான்’ என்று ஒரே பெயர்தான். கரையான் வேறு, மக்கல் வேறு. மக்கலைச் செய்வது பூஞ்சை. அதற்குத் தண்ணீர் வேண்டும்; நன்றாகக் காய்ந்த மரத்தில் அதனால் வாழ முடியாது. மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் ஏறி, அந்த ஈரம் நீடித்தும் இருந்தால்தான் அதற்குக் கொண்டாட்டம். அதனால் அது ஜன்னலின் மேல்சட்டத்தை விட்டுவிட்டு, தண்ணீர் தேங்கும் கீழ்க்கட்டையையும் கீழ் மூட்டையும் பிடிக்கிறது. மரத்தின் பக்கவாட்டைவிட அறுத்த முனை பல மடங்கு வேகமாகத் தண்ணீர் உறிஞ்சும், ஸ்ட்ரா வைத்து இழுக்கிற மாதிரி. வைரம் பாய்ந்த தேக்கு நெடுநாள் தாங்கும். அதே தேக்கில் வைரம் பாயாத வெளிப்பகுதி தாங்காது. அப்பா காலத்து ஆசாரி கீழ்க்கட்டையின் வெளி ஓரத்தில் அந்த வெளிறிய பகுதியும் வருமாறு அறுத்திருந்தார். தவறு என்று சொல்லமாட்டேன், 40 வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறது.

இன்னொன்று. உங்கள் வீட்டில் மர ஜன்னல் இருந்தால், கதவைத் திறந்து அதன் அடிவிளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். பத்தில் எட்டு வீட்டில் அங்கே பெயின்ட் இருக்காது என்று பந்தயம் கட்டுவேன். கதவை மாட்டிய பிறகு அடிக்கிற பெயின்டருக்கு அந்த இடம் தெரியாது, எட்டாது. பார்க்கிறவர் கண்ணுக்கும் படாது. தண்ணீர் சொட்டி நிற்பது அங்கேதான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை தீபாவளிக்கு முன்னால் முகப்பில் பளபளவென்று புதுப் பூச்சு ஏறும். அடியில் மரம் வெறும் உடம்போடு தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். மேலே ஏறிய பூச்சு உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் மூடியும் வைக்கும்.

அப்பா இறந்த மறுவருடம் ஆசாரி ஒருவரை வரவழைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “வீட்டுல சார் யாரும் இல்லீங்களா?” அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, பெண்ணிடம் விலை பேசி, மறுநாள் ஆணிடம் மறுபடி விலை பேசி அலுத்துப்போனவரின் கேள்வி அது. ஸ்க்ரூடிரைவரால்கூடக் குத்திப் பார்க்காமல் மூன்று ஜன்னலையும் எடுத்துவிட்டு யூபிவிசி போடச் சொன்னார். 42,000 ரூபாய். அண்ணனுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். இருவரும் நான்கு நிமிடம் பேசினார்கள். ஒருவர் அந்த ஜன்னலைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, மற்றவர் தொட்டே பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த அம்மாவிடம் இருவருமே எதுவும் கேட்கவில்லை. “பணம் நான் அனுப்பிடறேன்” என்று அண்ணன் முடித்தார். பிறகு பணம் வரவில்லை, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கோடை விடுமுறையில் சமையல்கட்டு ஜன்னலை நானே சரிசெய்தேன். மாசி, பங்குனி, சித்திரைதான் இதற்குக் காலம், மரம் நன்றாகக் காய்ந்திருக்கும். கூர்மையான ஸ்க்ரூடிரைவரால் சட்டம் முழுக்க ஒரு அங்குல இடைவெளியில் குத்திக்கொண்டே போனேன். நல்ல மரம் கையைத் திருப்பி அடிக்கும், இத்த மரம் உள்ளே வாங்கிக்கொள்ளும். சாக்பீஸால் எல்லை போட்டபோது தெரிந்தது: முழு ஜன்னலில் கெட்டிருந்தது கீழ்க்கட்டையில் ஒரு சாண், கதவின் கீழ் மூலையில் நான்கு விரற்கடை. இதற்குத்தான் மூன்று ஜன்னலையும் தூக்கி எறியச் சொன்னார்கள்.

பழைய பெயின்டைச் சுரண்டுவதைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் போடப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு எதிலும் ஈயம் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் காற்றில் பறந்து தரையில் படியும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கர்ப்பிணியின் உடம்பிலிருந்து சிசுவுக்கும் போகும். பெயின்டர்கள் வீடெல்லாம் தேய்த்துவிட்டுச் சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள். மூக்கில் துணிகூடக் கட்டாமல் அந்தத் தூளைப் பெருக்கி அள்ளுவது யார்? எந்த வீட்டிலும் இது ‘மராமத்து வேலை’யில் சேராது, ‘கூட்டுறது’ என்ற கணக்கில் போய்விடும். நான் தண்ணீர் தெளித்து ஈர உப்புத்தாளால் தேய்த்தேன். முகமூடி போட்டுக்கொண்டேன். கீழே பாலித்தீன் விரித்து அப்படியே சுருட்டிக் கட்டினேன்.

மற்றது பொறுமைதான். உளியால் இத்ததை எல்லாம் நல்ல மரம் தெரியும்வரை தோண்டி எடுத்து, ஒரு வாரம் காயவிட்டேன். பழைய மரக்கடையில் கட்டில்கால் ஒன்று 150 ரூபாய்க்குக் கிடைத்தது, நல்ல தேக்கு. அதில் அளவாக ஒரு துண்டு அறுத்து, பள்ளத்தில் உட்காரும்வரை இழைத்து இழைத்துப் பார்த்து, இரண்டு குழாயிலிருந்து பிழிந்து கலக்கும் எபாக்ஸிப் பசையால் ஒட்டி, துருப்பிடிக்காத திருகாணி இறக்கினேன். சின்னப் பள்ளங்களுக்கு எம்சீல். மரத்தூளையும் வெள்ளை ஃபெவிகாலையும் குழைத்து அடைப்பது நம் ஊரில் வழக்கம். வீட்டுக்குள் சரி, மழை படும் இடத்தில் சாதாரண ஃபெவிகால் கரைந்து விட்டுவிடும். கீழ்க்கட்டையின் மேல்பரப்பைத் தண்ணீர் வெளியே ஓடும்படி சாய்வாக இழைத்தேன். முனைகளுக்கும், யாரும் பார்க்காத அந்த அடிவிளிம்புக்கும் பிரைமர் இரண்டு கை. மொத்தச் செலவு, உளியும் சின்ன இழைப்புளியும் வாங்கியதையும் சேர்த்து 2,300 ரூபாய். ஐந்து பகல். அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எந்தப் பக்கம் தண்ணீர் வரும், எங்கே தேங்கும் என்று கையால் காட்டிக்கொண்டே இருந்தார்.

எதிர்வீட்டு மாமா மதிலோரம் நின்று பார்த்துவிட்டு, “ஆம்பள மாதிரி வேலை செய்றியேம்மா” என்றார். பாராட்டுதான். அம்மியைத் தூக்கி நிறுத்துகிறவளை யாரும் ஆம்பள மாதிரி என்பதில்லை. ஐந்து குடம் தண்ணீரை மாடி ஏற்றுகிறவளையும் சொல்வதில்லை. கட்டட வேலைக்குப் போய்ப் பாருங்கள்: தலையில் செங்கல் சுமக்கிற சித்தாள் பெண், கரண்டி பிடிக்கிற கொத்தனார் ஆண். இருபது வருடம் கலவை சுமந்தாலும் அவள் சித்தாள்தான். அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்த பையன் ஐந்தே வருடத்தில் கொத்தனார் ஆகிவிடுவான், கூலியும் அதற்கேற்ப ஏறும். எடையில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. கருவியில்தான் இருக்கிறது.

ஆயுத பூஜையன்று உளி, ரம்பம், சுத்தி எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனமும் குங்குமமும் வைப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். மறுநாள் அதை எடுத்து வேலை பார்ப்பது அவர்கள் இல்லை. ராஜாஜியின் 1953 கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்து விரட்டினோம். அப்பன் தொழிலைப் பிள்ளைக்குக் கட்டுகிறது என்று சரியாகவே சொன்னோம். அந்தத் திட்டம் நிலைத்திருந்தாலும் ஆசாரி வீட்டு மகளின் கைக்கு உளி வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். தச்சுவேலை ஒரு சாதிக்குள் அடைபட்டுக் கிடந்தது. அந்தச் சாதிக்குள்ளும் அது மகன்களுக்குள் அடைபட்டுக் கிடந்தது.

இதையெல்லாம் கல்லூரியில் வேலை பார்க்கும் ஒரு தோழியிடம் சொன்னபோது அவள் கோபப்பட்டாள். “ஏன்டி, சமைக்கணும், சம்பாதிக்கணும், புள்ளைக்குப் பாடம் சொல்லித்தரணும், இப்ப ஜன்னலையும் நாமதான் பாக்கணுமா? இதையும் நம்ம தலையில கட்டுறதுக்குப் பேரு பெண்ணியமா?” இந்தக் கேள்வியை லேசாக ஒதுக்க முடியாது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். செய்யாத ஆண்கள் இந்தச் சராசரியில் வரவே மாட்டார்கள். ஐந்து மணி நேரத்தோடு உளியையும் சேர்த்துக்கொள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ‘எல்லாம் வல்ல பெண்’ என்று விளம்பரங்கள் காட்டும் அந்தப் பத்துக் கை அம்மன் எனக்கும் பிடிக்காது.

ஆனால் நேரப் பயன்பாட்டைக் கணக்கிடும் வகைப்பாட்டிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. அதில் வீட்டைச் சுத்தம் செய்வது ஒரு தலைப்பு, பழுதுபார்ப்பது வேறொரு தலைப்பு. வாழ்க்கையிலும் அப்படித்தான். துடைப்பது தினமும் நடக்கிறது, தடயமே இல்லாமல் அழிகிறது, மறுநாள் மறுபடி முதலிலிருந்து. பழுதுபார்ப்பது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது, தடயம் நிற்கிறது, செய்தவர் பெயரும் நிற்கிறது. “இந்த நிலைக்கதவு எங்க தாத்தா போட்டது” என்பார்கள். அந்த நிலைப்படியை 50 வருடம் துடைத்து மஞ்சள் பூசிய பாட்டியின் கணக்கு எங்கேயும் இல்லை. தோழிக்கு நான் சொன்ன பதில் கொடுக்கல் வாங்கல் பற்றியது: பழுதுபார்க்கும் ஐந்து நாள் நான் சமைக்கவில்லை. அம்மாவும் சமைக்கவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகனுக்கு 19 வயது, அவன் சோறு வைத்தான். இரண்டு நாள் குழைந்துபோயிருந்தது; சாப்பிட்டோம். ஆள் வைத்துச் செய்கிற வசதி இருந்தால் தாராளமாக வையுங்கள், கேட்ட கூலியைக் கொடுங்கள். எது கெட்டது, எவ்வளவு கெட்டது என்று சொல்லத் தெரிந்தவளாக அவரோடு நின்று பேசுங்கள் என்பதுதான் நான் கேட்பது. வாடகை வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு இதுவும் இல்லை, ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது மரத்தைப் பற்றியதில்லை. தமிழில் மரச்சட்டத்துக்கும் சட்டப் புத்தகத்துக்கும் ஒரே சொல்.

1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு என்றது. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு வேறொன்று சொன்னது: குடும்பம் வசிக்கிற வீடு என்றால், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவெடுக்கும்வரை பெண் வாரிசு தன் பங்கைப் பிரித்துக் கேட்க முடியாது. மகளுக்கு அந்த வீட்டில் தங்கும் உரிமை உண்டு, அதுவும் அவள் திருமணமாகாதவளாகவோ, கணவனால் கைவிடப்பட்டவளாகவோ, பிரிந்தவளாகவோ, விதவையாகவோ இருந்தால். நன்றாக வாழும் மகளுக்குப் பிறந்த வீடு விருந்தினர் மாளிகை. தமிழ்நாட்டில் 1989இல் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கிடைத்தபோதும் இந்த 23 அப்படியே இருந்தது. 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் அதை நீக்கியது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு. முகப்பில் சம பங்கு என்ற புதுப் பூச்சு, அடிவிளிம்பில் 23.

பிரிவு போய்விட்டது, அது வளர்த்த பழக்கம் போகவில்லை. இன்று அந்த வேலையைச் செய்வது விடுதலைப் பத்திரம். பெயரைப் பாருங்கள், அதில் விடுதலை ஆவது சொத்து, அக்கா தங்கையிடமிருந்து. அப்பாவின் கருமாதி முடிந்த ஈரம் காயுமுன் பத்திரம் வரும். கையெழுத்து கேட்கும்போது சொல்லப்படும் காரணம் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றுதான்: “உனக்குக் கல்யாணத்துக்குச் செஞ்சாச்சு. வீட்டைக் கட்டிக் காப்பாத்துறது நாங்கதானே?” கல்யாணச் செலவைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் குத்திப் பார்ப்பதில்லை. கட்டிக் காப்பாற்றுவது ஆண் என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறோம், கையெழுத்துப் போடும் பெண்களும் ஒப்புக்கொள்கிறார்கள். ஏனென்றால் பெருக்குவது, துடைப்பது, ஒட்டடை அடிப்பது, மழைக்கு வேட்டி அடைப்பது எதுவும் காப்பாற்றுவதில் சேர்த்தியில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆசாரிக்குப் போன் போடுவது சேர்த்தி.

எங்கள் வீட்டில் வாரிசுகள் மூன்று பேர்: அம்மா, அண்ணன், நான். ஜன்னல் வேலை முடிந்த ஆவணியில் அண்ணன் பத்திரத்தின் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார், நானும் அம்மாவும் எங்கள் பங்கை அவருக்கு விட்டுக்கொடுப்பதாக. கூடவே ஒரு குரல் பதிவு, அன்பாகத்தான் பேசியிருந்தார். “வீடு பழசாகிட்டே போகுது. பாத்துக்க ஒருத்தன் வேணும்ல?”

அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். பிறகு, கரண்ட் பில் வைக்கும் தகர டப்பாவை எடுத்து வந்தார். ஓடு மாற்றியது, மோட்டார் காயில் கட்டியது, வீட்டு வரி என்று பத்துப் பதினைந்து வருட ரசீதுகள் இருந்தன. பாதிக்கு மேல் அம்மா தன் ஓய்வூதியத்தில் கட்டியது. என் எபாக்ஸி ரசீதையும் பழைய மரக்கடைத் துண்டுச்சீட்டையும் அதில் வைத்தேன். அண்ணனுக்குப் பதில் அம்மாதான் சொன்னார், நான் தட்டச்சு செய்தேன்: “இந்த வீட்டுக்கு இதுவரை நீ செய்த பராமரிப்புச் செலவை, தேதி போட்டு எழுதி அனுப்பு. பார்த்துவிட்டுப் பேசலாம்.” இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. கணக்கு இன்னும் வரவில்லை.